சபையில் பிரித்த சீட்டு

அத்தியாயம் ஒன்பது

படப்பைக்காரர்கள் போன வாரம் வந்து பெண்ணைப் பார்த்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். என்ன சீர் செய்வீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முனியம்மாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க பொண்ணுக்கு நீங்க இஷ்டப்பட்டத செய்ங்க. நாங்க வாயத் தொறக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஒரு வார்த்தையால் கோதண்டத்துக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. கேட்டிருந்தால் குறைத்துப் பேசலாம். கேட்காதவர்களிடம் எதைக் குறைப்பது?

கடைசியில் சனிக்கிழமை சாயங்காலம், ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜில் வாட்ச்மேன் டியூட்டி முடித்து வந்தவர், மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சீர் சீட்டு எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லக் கலைமதி எழுதினாள். கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்கு, மிக்ஸி. ஐந்து சாமான். மூன்று வருஷம் கம்பெனியில் அவள் சேர்த்த பணத்துக்குள் ஐந்தும் அடங்கும். மண்ணூர் ஏரிக்குக் கீழே இருக்கும் அறுபது சென்ட்டைத் தொட வேண்டாம். வீட்டுக்கு ஏழு மாசம் அரிசி போடுவது அந்த அறுபது சென்ட்தான்.

"இதுக்கு மேல நம்மளால ஆவாது" என்றார் கோதண்டம்.

"இதுவே அதிகம் நைனா" என்றாள் கலைமதி. சீட்டை நான்காக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தாள்.

ஆனால் அந்த வாரம் அவள் எழுதிய சீட்டு அது ஒன்று மட்டுமல்ல.

இன்னொன்றை வெள்ளிக்கிழமை கம்பெனியில் எழுதினாள். அங்கே அவளுக்கு சால்டரிங் வேலை. டேப் ரெக்கார்டருக்குள் போகும் போர்டு லைனில் நகர்ந்து வரும். அவள் பதினோராவது ஆள். ஆறு இடத்தில் ஈயம் வைத்துத் தள்ளிவிட வேண்டும். லைன் கடைசியில் டெஸ்டிங் மேஜையில் போர்டை மாட்டுவார்கள். 'பீ' என்று ஒரு சத்தம் வந்தால் பாஸ். மூன்று வருஷமாக அவள் கேட்ட பாட்டு அந்த ஒரு சத்தம்தான். அந்த போர்டு எந்த ஊருக்குப் போகிறது, யார் வீட்டு அலமாரியில் உட்கார்ந்து பாடுகிறது என்பது லைனில் ஒருத்திக்கும் தெரியாது.

தீபாவளிக்கு நாலு நாள் லீவு என்று அன்றைக்குத்தான் நோட்டீஸ் ஒட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காரும் லூர்தம்மாள் ஆரம்பித்தாள்.

"நாலு நாள் வூட்ல இன்னாடி பண்ணுவ?"

"தூங்குவேன்."

"அதுக்கு எதுக்குடி லீவு, லைன்லயேதான் தூங்கறியே. இந்தா, எழுது. லீவுக்கு வூட்ல இன்னா இன்னா இருந்தா நல்லாருக்கும்? காசு பத்தி யோசிக்கக் கூடாது. யோசிச்சா அவுட்டு."

ரிஜெக்ட் சீட்டின் பின்பக்கம்தான் காகிதம். கம்பெனியில் அதற்குப் பஞ்சமே கிடையாது. கலைமதி மேலே பிள்ளையார் சுழி போட்டாள்.

"வெளையாட்டுக்கும் சுழியா? உங்க புள்ளையார் டி.வி.ய தோள்ல தூக்கிக்கினு வரப் போறாரா?"

"பேனா புடிச்சா கை தானா போடுது. நான் இன்னா பண்ண?"

எழுதினாள். சோறு ஆறும் வரை எழுதினாள். கலர் டி.வி. அதில் காசெட் படம் போட டெக்கு. டபுள் காசெட் டூ-இன்-ஒன். வாக்மேன். ஃபிரிட்ஜு. வாஷிங் மெஷின். டேபிள் ஃபேன். குவார்ட்ஸ் வாட்ச். கால்குலேட்டர். ஒன்பது. சினிமாவிலும் பத்திரிகை விளம்பரத்திலும் பார்த்தவை. கால்குலேட்டர் மட்டும் சூப்பர்வைசர் பாக்கெட்டில் பார்த்தது.

லூர்தம்மாள் தன் சீட்டைக் காட்டினாள். ரேடியோ ஒன்று, அதற்குப் போட பாட்டரி செல்லு நாலு. அவ்வளவுதான்.

"செல்லுகூட எழுதியிருக்கியா? காசு பத்தி யோசிச்சிட்ட. நீ அவுட்டு" என்றாள் கலைமதி. இருவரும் சிரித்தார்கள். பெல் அடித்தது. கலைமதி சீட்டை நான்காக மடித்து டிபன் பைக்குள் போட்டாள். அத்தோடு மறந்தும் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற வேண்டும். படப்பைக்காரர்கள் வேனில் வருவார்கள் என்று பார்த்தால் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், அதுவும் மூன்றே முக்காலுக்கு. ஒரே ஓட்டமாகிவிட்டது. கூடத்தில் பாய் விரித்தார்கள். கோதண்டம் ஒரு பக்கம், மாப்பிள்ளையின் அப்பா நாகப்பன் எதிர்ப் பக்கம். நடுவில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், அதன்மேல் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய சீட்டு.

அந்தப் பக்கத்துச் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் தடவிய சீட்டைப் பெண் வீட்டார் பிரிக்கக் கூடாது. சபையில் மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் பிரித்து, எல்லார் காதிலும் விழும்படி படிக்க வேண்டும். படித்தபின் இரண்டு பக்கமும் கையெழுத்து. இன்னொன்று, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த பெண்ணின் அப்பா தட்டு மாறும் வரை எழுந்திருக்கக் கூடாது. நடுவில் எழுந்தால் பேச்சு முறிந்ததாக அர்த்தம்.

கலைமதி உள்ளறையில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கூப்பிடும் வரை வெளியே வரக் கூடாது. துணைக்கு லூர்தம்மாள் வந்திருந்தாள், அவளுக்குப் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் தாய்மாமன் சின்னப்பையன் தொண்டையைச் செருமினார். பெயர்தான் சின்னப்பையன், வயது அறுபத்தைந்து. கோர்ட்டில் டவாலியாக இருந்து ரிடையர் ஆனவர். ஒவ்வொரு சாமானையும் மூன்று தடவை கூப்பிடாததுதான் பாக்கி, அப்படி ஒரு குரல்.

"கலர் டி.வி. ஒன்று!"

கலைமதிக்கு நெஞ்சுக்குள் ஏதோ பொங்கியது. ஒரு நொடிதான். யாரோ தனக்குத் தரப் போகிறார்கள் என்பது போல் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நொடி அது தான் கம்பெனியில் எழுதியது என்று உறைத்தது.

"டெக்கு ஒன்று!"

லூர்தம்மாளின் கையில் பூ அப்படியே நின்றது. "ஏய். இது..."

"ஆமா" என்றாள் கலைமதி.

கதவோரம் நின்றிருந்த தன் அம்மா லீலாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அது வேற சீட்டு. அந்தச் சீட்டு எப்பிடி அங்க போச்சு?"

"இன்னா வேற சீட்டு? உன் டிபன் பைலதான் கெடந்திச்சி. காலைல பையத் தொவைக்க எடுத்தேன், மடிச்சி வெச்சிருந்திச்சி. பிரிச்சுப் பாத்தேன், மேல சுழி போட்டிருந்திச்சி. இத போயி பைல வெச்சிருக்காளேன்னு எடுத்துத் தட்டுல வெச்சேன். உங்க நைனா மஞ்சள் தடவினாரு."

லீலாவுக்குப் படிக்கத் தெரியாது. பிள்ளையார் சுழி தெரியும். சுழி போட்ட காகிதம் நல்ல காரியத்துக்கு எழுதியது என்பதும் தெரியும். அவள்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

"டபுள் காசெட் டூ-இன்-ஒன் ஒன்று! வாக்மேன் ஒன்று!" சின்னப்பையன் சீட்டை மூக்கருகே கொண்டுபோனார். "இன்னாய்யா இது வாக்மேன்?"

மாப்பிள்ளை புருஷோத்தமன் கூச்சத்தோடு சொன்னான். "நடந்துகினே பாட்டு கேக்கறது மாமா. காதுல மாட்டிக்கணும்."

"அப்ப உக்காந்தா பாடாதா?"

கூடம் சிரித்தது. படப்பைப் பக்கம் அதிகமாகவே சிரித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பெல்லாம் அவர்கள் முகத்தில் காணோம்.

"லூர்து, நைனாவ உள்ள வரச் சொல்லு. சீக்கிரம் போடி."

லூர்தம்மாள் காப்பித் தட்டோடு போனாள். கலைமதி கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். லூர்து குனிந்து அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் நிமிரவில்லை. கையை மட்டும் லேசாக அசைத்தார். இரும்மா என்று அர்த்தம். அவர் எப்படி எழுந்திருப்பார்? முன்னால் தட்டு இருக்கிறது. நாலு பத்து ஆகிறது.

"ஃபிரிட்ஜு ஒன்று! வாஷிங் மெஷின் ஒன்று!"

"எங்க வூட்டுக் கரண்டு தாங்குமா பாருங்க" என்றாள் முனியம்மாள். வாயெல்லாம் பல். "நாங்க ஒண்ணுமே கேக்கலீங்க. இத்தினி பேரு சாட்சி. நாங்க வாயே தொறக்கல."

"நீ தொறக்கல, சரி. இப்ப மூட மாட்டேன்ற" என்றார் நாகப்பன். அதற்கும் சிரிப்பு.

டேபிள் ஃபேனும் வாட்சும் போய்க் கடைசியாகக் கால்குலேட்டர் வந்தது. "இது எதுக்குப்பா?" என்று யாரோ கேட்டார்கள். "மாப்ள சம்பளத்த கூட்டிப் பாக்கத்தான்" என்று யாரோ சொன்னார்கள்.

கலைமதி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். நான் எழுதச் சொன்னது ஐந்து, இது இல்லை என்று ஒரே ஒரு வரி. சின்னப்பையன் சீட்டைத் தட்டில் வைத்ததும் கோதண்டம் அதை எடுத்தார். நாலாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் மகளின் கையெழுத்து அவருக்குத் தெரியாமல் இல்லை. வெகுநேரம் பார்த்தார். உள்ளறைக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"சம்மதமா?" என்றார் சின்னப்பையன். "மணி ஆவுது."

"சம்மதம்" என்றார் கோதண்டம்.

கையெழுத்துப் போட்டார். தட்டு மாறியது. சீட்டு நாகப்பனின் சட்டைப் பைக்குள் போனது.

கோதண்டத்தின் பின்னால் உட்கார்ந்திருந்த நிலத் தரகன் நடேசன் முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தொட்டான். ஏரிக்கீழ் நிலத்தை ஒரு கம்பெனிக்குப் பேசி முடிக்க ஆறு மாசமாக அலைகிறவன். "மாமா, ஒண்ணும் அவசரமில்ல. எப்ப தோணுதோ வூட்டுக்கு வாங்க" என்றான். ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

கலைமதியைக் கூப்பிட்டார்கள். வந்து விழுந்து கும்பிட்டாள். முனியம்மாள் அவளைத் தூக்கிக் கன்னத்தை வழித்தாள். "ஒரு ரூமே காலி பண்ணிடறோம்மா, உன் சாமானுக்கு" என்றாள்.

பலகையில் பக்கத்தில் உட்கார்ந்த புருஷோத்தமன் குனிந்தபடி கேட்டான். "உங்களுக்குப் பாட்டுன்னா புடிக்குமா?"

நல்ல மாதிரிதான் கேட்டான். அவனிடமாவது சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் எந்த வார்த்தையில் தொடங்குவது? அந்தச் சீட்டு விளையாட்டு என்றா? விளையாட்டுக்கு எழுதியதை மஞ்சள் தடவி சபையில் வைத்தீர்களா என்று கேட்டால்? கலைமதி தலையை மட்டும் ஆட்டினாள். பாட்டு பிடிக்கும். அதில் பொய் இல்லை.

ராகு காலம் முடிந்து ஆறு மணி வண்டிக்கு அவர்கள் கிளம்பினார்கள். ஸ்டாப்பிங் வரை நாகப்பன் முன்னால் நடக்க, முனியம்மாள் வழியில் பார்த்த பெண்களிடமெல்லாம் நின்று நின்று பேசிக்கொண்டு போனாள். என்ன பேசியிருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. லூர்தம்மாளும் வீட்டுக்குப் போக வேண்டும். போகும்போது கலைமதியின் கையைப் பிடித்தாள்.

"நான்தான்டி எழுதச் சொன்னேன்."

"நீ ரேடியோதான எழுதின. ஒம்போது எழுதனது நான்."

பின்கட்டில் லீலா எச்சில் இலைகளை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, வியர்வையா தெரியவில்லை. "அஞ்சு படிச்சிருந்தா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு போயிருப்பாங்க" என்றாள் யாரையும் பார்க்காமல். "போவட்டுமே. மூஞ்சிதான."

"நீ நைனாகிட்ட சொன்னியா?"

"நான் எந்த வாயால சொல்றது? நீயே போயி சொல்லு."

கோதண்டம் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல வேட்டி கட்டியிருந்தார், அதிலேயே கை துடைத்துக்கொண்டார். ஷிப்டு மாறி இன்றைக்கு ராத்திரி டியூட்டி, அதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

"நைனா. அந்தச் சீட்டு நான் கேட்டது இல்ல."

அவர் நிமிர்ந்தார். "உன் எழுத்துதான?"

"எழுத்து என்னுதுதான். கம்பெனில வெளையாட்டுக்கு எழுதனது. லீவுக்கு இன்னா வேணும்னு லூர்தும் நானும் சும்மா எழுதனோம். அம்மா தெரியாம தட்டுல வெச்சிட்டாங்க. நீ சொல்லி எழுதனது பஞ்சாங்கத்துலயே கீது."

கோதண்டம் துணியை ஹேண்டில்பாரில் போட்டார்.

"நான் வேற நெனச்சேன்" என்றார்.

"இன்னா நெனச்ச?"

"வாய் தொறந்து கேக்க வெக்கப்பட்டுக்கினு, ராத்திரி நீ சீட்ட மாத்தி எழுதி வெச்சிட்டியோன்னு நெனச்சேன். இருவத்திரண்டு வருசத்துல நீ ஒண்ணும் கேட்டதில்ல மதி. செருப்பு அறுந்தா ஊக்கு குத்திக்கினு போவ. மொத மொத கேக்கற. அதையும் நாலு பேரு முன்னால வெச்சி இல்லன்னு எப்பிடிச் சொல்றது? வாய் வரல."

கலைமதிக்கு இப்போதுதான் புரிந்தது. அப்பா ஏமாறவில்லை. பயப்படவும் இல்லை. தெரிந்தே தலையைக் கொடுத்திருக்கிறார்.

"அப்ப நெலம்?"

"நெலம் இன்னா, ஏரில தண்ணி இருந்தாத்தான் நெலம்" என்றார். அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்தது மாதிரி இருந்தது.

"வேணாம் நைனா. ஸ்டாப்பிங்லதான் நிக்கிறாங்க. வண்டி இன்னும் வரல. தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிடு. அஞ்சுதான் எங்களால ஆவும்னு சொல்லிடு."

"தட்ட திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க."

"போவட்டும்."

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

கோதண்டம் தெரு முனையைப் பார்த்தார். அங்கே இடது பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாப்பிங். வலது பக்கம் மூன்றாவது வீடு நடேசனுடையது.

"சரி. சொல்லிட்டு வரேன்" என்றார். சைக்கிளை வெளியே தள்ளினார். பெடலில் கால் வைத்தவர் நின்றார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அதுல எழுதினியே ஒம்போது. அதுல ஒண்ணுகூட வேணாமா உனக்கு?"

வேணாம். மூன்று எழுத்து. அதைச் சொல்ல வேண்டியதுதான். கலைமதி வாயைத் திறந்தாள். நாலு மணிக்கு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து கலர் டி.வி. ஒன்று என்று கேட்டபோது நெஞ்சுக்குள் பொங்கியதே, அது இப்போது மறுபடியும் பொங்கியது. சனியனே, இப்போதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தூரத்தில் ஏரி வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"வேணாம் நைனா" என்றாள்.

அவ்வளவு நேரமும் அவர் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிக்கொண்டார். சைக்கிளில் ஏறினார். தெரு முனை வரை வேகமாக மிதித்தார்.

பஸ் இடது பக்கம் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சைக்கிள் வலது பக்கம் திரும்பியது.